கால்நடைகளில் ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பைக் கண்காணிப்பது எப்படி? குறைந்த வசதியில் தொடங்குபவர்களுக்கு

ஏழை நாடுகளில் கோழி, பன்றி, மாடு ஆகியவற்றிடம் ஆன்டிபயாட்டிக்குக்கு அசையாத பாக்டீரியா எவ்வளவு பரவியிருக்கிறது என்று கேட்டால், பெரும்பாலான நாடுகளில் அரசிடம் நேரான பதில் கிடையாது. இருக்கும் பதிலெல்லாம் ஆய்விதழ்களில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. ஒருவர் பட்டப்படிப்புக்காக ஒரு மாவட்டத்தில் எடுத்தது, இன்னொருவர் ஒரு சந்தையில் எடுத்தது, இப்படி. 2019இல் தாமஸ் வான் பூக்கல் குழுவினர் சயன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு இந்தத் துண்டுகளைத்தான் கோத்தெடுத்தது. 2000 முதல் 2018 வரை நடந்த 901 கணக்கெடுப்புகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். சோதித்த மருந்துகளில் எத்தனை பங்கு, பாதிக்கும் மேற்பட்ட பாக்டீரியாவிடம் தோற்கிறது என்பதுதான் அவர்களுடைய அளவுகோல். அந்தப் பங்கு கோழியில் 0.15இலிருந்து 0.41 ஆகவும், பன்றியில் 0.13இலிருந்து 0.34 ஆகவும் ஏறியிருந்தது. எதிர்ப்பு மிக அதிகமாகத் திரண்டிருந்த இடங்கள் சீனாவிலும் இந்தியாவிலும் இருந்தன. பிரேசிலிலும் கென்யாவிலும் புதிதாகத் தலைதூக்குவது தெரிந்தது.

அந்த 901இல் சேரும் தரத்தில் ஒரு கணக்கெடுப்பை நீங்களே நடத்துவதற்கான வழிகாட்டி இது. கால்நடை மருத்துவர், நுண்ணுயிரியல் மாணவர், துறை அலுவலர் என்று யாராக இருந்தாலும் சரி. ஓர் எளிய பாக்டீரியா ஆய்வகமும் கூட உழைக்க ஓரிருவரும் இருந்தால் தொடங்கலாம். என் கட்சி என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு தடவை பிரம்மாண்டமாக எடுப்பதைவிட, சிறியதாக, முறையை மாற்றாமல், ஆண்டுதோறும் எடுப்பதுதான் உருப்படியான வேலை. டென்மார்க்கைப் பாருங்கள். அவோபார்சின் என்ற தீவன மருந்தை அங்கே 1995இல் தடை செய்தார்கள். கறிக்கோழிகளின் எண்டெரோகாக்கஸ் பாக்டீரியாவில், அவோபார்சினுக்கு நெருங்கிய உறவான வான்கோமைசின் என்ற மனித மருந்துக்கு எதிர்ப்பு அந்த ஆண்டில் 70 சதவீதத்துக்கு மேல் இருந்தது, 2000இல் ஏறக்குறைய 6 சதவீதமாக இறங்கிவிட்டது. தடை பலித்தது என்று அவர்களால் அடித்துச் சொல்ல முடிந்தது, நடுவில் விடாமல் ஒரே மாதிரி அளந்ததால்தான்.

1. கேள்வியைச் சுருக்குங்கள்

"நம் நாட்டுக் கால்நடைகளில் எதிர்ப்பு நிலவரம்" என்று ஆரம்பித்தால் வேலை முடியாது. ஒரு விலங்கு, ஒரு பாக்டீரியா, ஒரு பகுதி போதும். உதாரணத்துக்கு: "இந்த மாநிலத்தில் அறுப்புக்கு வரும் ஆரோக்கியமான கறிக்கோழிகளின் குடலில் உள்ள இ.கோலையில் எத்தனை சதவீதம் சிப்ரோஃபிளாக்சசினுக்கு மசியவில்லை?" இந்த ஒரு வாக்கியத்தை எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். இனி எடுக்கும் முடிவுகளெல்லாம் இதிலிருந்துதான் வரும்.

ஏன் இ.கோலை? எல்லா விலங்கின் குடலிலும் இருக்கிறது, ஊட்டப்பொருள் ஊற்றிய சாதாரண ஆய்வகத் தட்டில் ஒரே இரவில் வளர்கிறது, எதிர்ப்பு மரபணுக்களைக் கைமாற்றிக்கொள்வதிலும் கெட்டி. நோய் உண்டாக்காத சாதாரண இ.கோலை போதும். பண்ணையில் மருந்தின் அழுத்தம் எவ்வளவு என்பதை அதுவே காட்டிக்கொடுத்துவிடும். உணவு வழியே நோய் தரும் சால்மொனெல்லா முக்கியமானதுதான், ஆனால் பல மாதிரிகளில் கிடைக்கவே கிடைக்காது. 200 மாதிரி எடுத்து 9 சால்மொனெல்லாவோடு உட்கார்ந்திருப்பீர்கள். அதேபோல் நோய் தரும் இன்னொரு பாக்டீரியாவான கேம்பைலோபாக்டருக்கு ஆக்சிஜன் குறைந்த காற்றும் 42 டிகிரி வெப்பமும் வேண்டும். முதல் ஆண்டிலேயே அதில் கை வைக்காதீர்கள்.

2. அனுமதியும் கூட்டாளிகளும்

இதை அலுப்பான வேலை என்று ஒதுக்குபவர்கள் பின்னால் வருந்துவார்கள். எதிர்ப்புச் சதவீதம் வெளியானால் இறைச்சி ஏற்றுமதி அடிபடுமோ என்று அரசுகள் பயப்படுவது உண்டு. முடிவுகள் கைக்கு வந்த பிறகு கால்நடைத் துறையிடம் போனால் கோப்பு அங்கேயே தூங்கிவிடும். தொடக்கத்திலேயே அவர்களைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். என்ன வெளியிடுவோம், எதை வெளியிட மாட்டோம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பண்ணையாளருக்கும் இதே உரிமை உண்டு. அவருடைய பெயரோ ஊரோ எங்கும் வராது, குறியீட்டு எண் மட்டும்தான் இருக்கும் என்று அவர் மொழியில் விளக்கி ஒப்புதல் பெற வேண்டும். பாக்டீரியாவை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால், மரபு வளங்களைப் பிற நாட்டோடு பகிர்வது பற்றி 2014இல் நடைமுறைக்கு வந்த நகோயா ஒப்பந்தத்தின்கீழ் உங்கள் நாட்டில் என்ன விதி என்று பார்த்துவிடுங்கள். அந்த அனுமதிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம்.

3. மாதிரியை எங்கே எடுப்பது?

மூன்று இடங்கள் இருக்கின்றன. பண்ணை, இறைச்சிக்கூடம், சந்தை.

நான் முடிந்தவரை இறைச்சிக்கூடத்தையே பரிந்துரைப்பேன். ஒரே இடத்தில் நின்றால் பல பண்ணைகளின் விலங்குகள் வந்துபோகும். விலங்கைப் பிடித்து அமுக்க வேண்டிய தொல்லை இல்லை. கோழியின் சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்தில் இரட்டைப் பையாக இருக்கும் குருட்டுக்குடலை அப்படியே வெட்டி எடுக்கலாம். அதற்குள் இருப்பது வெளித் தூசியும் கழுவுநீரும் படாத மாதிரி. இறைச்சியின் மேல் துடைத்து எடுத்தால், பாக்டீரியா கோழியிடமிருந்து வந்ததா, கத்தியிலிருந்து வந்ததா, வெட்டியவர் கையிலிருந்து வந்ததா என்று சொல்லவே முடியாது.

உயிர்க்கோழிச் சந்தையில் இன்னொரு சிக்கல். நாலைந்து பண்ணைக் கோழிகள் ஒரே கூண்டில் அடைபட்டிருக்கும். எந்தப் பண்ணை என்று கேட்டால் வியாபாரிக்கே தெரிந்திருக்காது. ஆனால் பல நாடுகளில் முறையான இறைச்சிக்கூடமே இல்லை, கோழியெல்லாம் சந்தையில்தான் கைமாறுகிறது. அப்படியென்றால் சந்தையிலேயே எடுங்கள். ஒரு வியாபாரியிடம் ஒரு கோழி என்று வைத்துக்கொண்டு, அடுத்த ஆண்டும் அதே சந்தைகளுக்குப் போங்கள்.

தவிர்க்க வேண்டியது ஒன்று: நோய் ஆய்வகத்துக்கு ஏற்கெனவே வந்து சேர்ந்த மாதிரிகளை வைத்து "கால்நடைகளில் எதிர்ப்பு இவ்வளவு" என்று சொல்வது. அங்கே வருவது நோயுற்ற விலங்கு. அதற்கு ஏற்கெனவே இரண்டு மூன்று மருந்து கொடுத்துப் பார்த்து, கேட்காத பிறகுதான் கொண்டுவந்திருப்பார்கள். அந்தச் சதவீதம் எப்போதும் உயர்ந்தே நிற்கும். எந்த மருந்தைத் தேர்வது என்று மருத்துவர் முடிவெடுக்க அந்தத் தரவு உதவும். நாட்டு நிலவரம் சொல்ல உதவாது.

4. எத்தனை மாதிரி?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். சூத்திரம் எளிது. எதிர்ப்பு 50 சதவீதம் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டு, 5 சதவீதப் புள்ளி கூடக்குறைய இருக்கலாம் என்றால் 385 மாதிரி தேவை. 10 புள்ளி கூடக்குறைய இருந்தாலும் பரவாயில்லை என்றால் 97 போதும். தொடங்குபவருக்கு இந்த இரண்டாவது எண் தாராளம்.

ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. இந்தக் கணக்கு ஒவ்வொரு மாதிரியும் தனித்தனி என்று நினைத்துப் போட்டது. ஒரே பண்ணைக் கோழிகள் ஒரே தண்ணீரைக் குடித்து, ஒரே மருந்தைத் தின்று, ஒரே எச்சத்தின் மேல் நடப்பவை. ஒன்றைப் பார்த்தால் மற்றதைப் பாதி பார்த்த மாதிரிதான். அந்த ஒற்றுமை அளவு (0 என்றால் ஒற்றுமையே இல்லை, 1 என்றால் அச்சு அசல்) 0.2 என்று வைத்துக்கொள்வோம். 10 பண்ணைகளில் தலா 30 கோழி என்று 300 எடுத்தால், அது உண்மையில் 44 தனி மாதிரிக்குத்தான் சமம். 100 பண்ணைகளில் தலா 3 என்று அதே 300 எடுத்தால் 214க்குச் சமம். ஆய்வகச் செலவு இரண்டிலும் ஒன்றே, பயணம் மட்டும்தான் கூடுகிறது. ஆகவே பண்ணைகளைக் கூட்டுங்கள், பண்ணைக்குள் எண்ணிக்கையைக் குறையுங்கள். ஒரு பண்ணைக்கு ஒரு மாதிரி என்பதே நல்ல ஏற்பாடு.

எந்தப் பண்ணை என்பதைக் குலுக்கிப் போட்டுத் தேர்ந்தெடுங்கள். சாலையோரப் பண்ணைகளும் தெரிந்தவர் பண்ணைகளும் மட்டும் பட்டியலில் ஏறுவது நாம் அறியாமலே நடந்துவிடும். முழுப் பட்டியலே இல்லாத ஊரில், இறைச்சிக்கூடத்துக்கு வரும் வண்டிகளில் ஐந்தாவது வண்டி, பத்தாவது வண்டி என்று முன்கூட்டியே முடிவு செய்து எடுப்பதும் நல்ல மாற்றுதான். மழைக்காலம், வெயில்காலம் இரண்டிலும் பிரித்து எடுங்கள். நோயும் மருந்தும் பருவத்தோடு மாறுபவை.

5. எடுத்ததைக் கெடாமல் கொண்டுசேர்ப்பது

பனிக்கட்டிப் பையோடு 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்து, 24 மணி நேரத்துக்குள் தட்டில் போட்டுவிடுங்கள். அதற்கு மேல் ஆகும் என்று தெரிந்தால் பாக்டீரியாவைக் கெடாமல் வைத்திருக்கும் கேரி-பிளேர் ஊடகத்தில் பஞ்சுக்குச்சியாக எடுங்கள். எச்சத்தை அப்படியே உறையவைத்தால் பாக்டீரியாவில் ஒரு பகுதி செத்துவிடும். வெயிலில் சூடேறினால் வேகமாக வளரும் வகைகள் மற்றதை மூடிவிடும், விகிதமே மாறிப்போகும். பெட்டிக்குள் ஒரு வெப்பமானியைப் போட்டுவைத்து, வந்துசேர்ந்தபோது எத்தனை டிகிரி என்று குறித்துக்கொள்ளுங்கள். 8க்கு மேல் இருந்தால் அந்த மாதிரியை எடுத்துக்கொள்வதா விடுவதா என்பதை முதல் நாளே எழுதி வைத்திருக்க வேண்டும். முடிவைப் பார்த்துவிட்டு விதி எழுதக் கூடாது.

6. எந்தத் தட்டு? (இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள்)

இ.கோலையை வளர்க்க மெக்கான்கி அகர் என்ற ஊட்டக்கூழ் போதும். இளஞ்சிவப்பாக வரும் காலனியை, அதாவது பாக்டீரியா பெருகித் திரண்ட புள்ளியை, எடுத்து இண்டோல் சோதனையில் உறுதிசெய்யலாம். சிக்கல் அது இல்லை. தட்டில் மருந்து கலப்பதா வேண்டாமா என்பதுதான் சிக்கல்.

மருந்து கலக்காத தட்டில் வளர்த்து, ஒரு மாதிரிக்கு ஒரு காலனி எடுத்துச் சோதித்தால், "இந்தக் கோழிகளிடம் உள்ள இ.கோலையில் எத்தனை பங்கு எதிர்ப்புடையது" என்று தெரியும். லிட்டருக்கு 4 மில்லிகிராம் செஃபோடாக்சிம் கலந்த தட்டில் வளர்த்தால், அந்த மருந்துக்கு மசியாதது மட்டுமே முளைக்கும். அப்போது கிடைப்பது "எத்தனை கோழிகளிடம் ஒன்றாவது எதிர்ப்புடைய இ.கோலை இருக்கிறது" என்ற பதில். கேள்வியே வேறு.

ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். 100 கோழிகள். மருந்துத் தட்டில் 70 கோழிகளின் மாதிரி முளைத்தது. அதே கோழிகளின் சாதாரணத் தட்டிலிருந்து எடுத்த 100 காலனிகளில் 12 மட்டுமே செஃபோடாக்சிமுக்கு எதிர்ப்பு. 70ஆ, 12ஆ? இரண்டும் சரி. குடலில் ஆயிரத்தில் ஒரு இ.கோலை எதிர்ப்புடையதாக இருந்தால், ஒற்றைக் காலனி எடுக்கும்போது அது கையில் சிக்குவது அரிது. மருந்துத் தட்டு அதைத் தேடிப் பிடித்துவிடும். ஓர் ஊரின் 70ஐயும் இன்னோர் ஊரின் 12ஐயும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு "அங்கே ஆறு மடங்கு மோசம்" என்று எழுதும் கட்டுரைகளை நான் படித்திருக்கிறேன். முறையை ஒரு வரியில் குறிப்பிடாததன் விளைவு அது.

எதைத் தேர்வது? உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட ட்ரைசைக்கிள் என்ற நெறிமுறை, மனிதர், உணவுக்கோழி, சுற்றுச்சூழல் மூன்றிலும் ஈஎஸ்பிஎல் வகை (செஃபோடாக்சிம் போன்ற மருந்துகளைச் சிதைக்கும் நொதியைச் சுரக்கும்) இ.கோலையை மட்டும் தேடச் சொல்கிறது. வசதி குறைந்த நாடுகளை மனதில் வைத்து எழுதியது. ஒரே பாக்டீரியா, ஒரே வகை எதிர்ப்பு என்பதால் சின்ன ஆய்வகத்துக்கும் கட்டுப்படியாகும். அதோடு சாதாரணத் தட்டு ஒன்றையும் சேர்த்துப் போடுங்கள் என்பேன். கூடுதல் செலவு சொற்பம், இரண்டு பதில்களும் கையில் இருக்கும்.

சாதாரணத் தட்டில் எந்தக் காலனியை எடுப்பது என்பதற்கும் விதி வேண்டும். தட்டின் அடியில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிட்டு, அதற்கு மிக அருகில் உள்ள இளஞ்சிவப்புக் காலனியை எடுங்கள். "நன்றாக இருப்பதை" எடுக்க விட்டால் ஒவ்வொருவர் கையும் ஒவ்வொரு பக்கம் போகும். மருந்து கலந்த தட்டுகள் நாளாக ஆக வீரியம் குறையும். ஒவ்வொரு தொகுதியிலும் மருந்துகளுக்கு மசியும் ஏடிசிசி 25922 என்ற தர இ.கோலை முளைக்கக் கூடாது, தெரிந்த ஈஎஸ்பிஎல் பாக்டீரியா முளைக்க வேண்டும். இந்த இரண்டும் சரியாக வந்த தொகுதியை மட்டுமே பயன்படுத்துங்கள்.

7. மருந்துச் சோதனை

டிஸ்க் முறையே போதும்: பாக்டீரியா தடவிய தட்டில் மருந்து தோய்த்த சிறு வட்டங்களை வைத்து, அவற்றைச் சுற்றிப் பாக்டீரியா வளராத வளையத்தின் விட்டத்தை அளப்பது. தானியங்கி எந்திரங்கள் வேகமானவைதான், ஆனால் அவற்றின் அட்டைகளை அந்த ஒரே கம்பெனியிடம்தான் வாங்க வேண்டும். நன்கொடை நின்றதும் எந்திரம் துணி போர்த்திக்கொண்டு ஓரமாக நிற்கும். இது வெறும் பயமுறுத்தல் இல்லை. பல ஏழை நாடுகளின் ஆய்வகங்களுக்கு முட்டுக்கொடுத்த பிளெமிங் நிதியை பிரிட்டன் அறிவித்தது 2015இல். அதை முடித்துக்கொள்வதாக அதே அரசு 2025இல் அறிவித்தது. டிஸ்க்குகளைப் பல நிறுவனங்கள் செய்கின்றன. ஒன்றிடம் இல்லையென்றால் இன்னொன்றிடம் வாங்கலாம்.

செய்முறையில் கண்டிப்பு வேண்டிய இடங்கள் இவை. இந்தச் சோதனைக்கான முல்லர்-ஹின்டன் அகர் 4 மி.மீ. கனம் இருக்க வேண்டும். 90 மி.மீ. வட்டத் தட்டு என்றால் சுமார் 25 மி.லி. ஊற்றினால் அந்தக் கனம் வரும். அகர் மெல்லிதானால் வளையம் பெரிதாகி, எதிர்ப்புள்ளதும் மசிவது போலத் தோன்றும். பாக்டீரியாக் கரைசல், கலங்கலை ஒப்பிடும் மெக்ஃபார்லண்ட் தர அளவில் 0.5 இருக்க வேண்டும். கரைசல் தயாரானதிலிருந்து 15 நிமிடத்துக்குள் தட்டில் தடவ வேண்டும், அடுத்த 15 நிமிடத்துக்குள் டிஸ்க் வைக்க வேண்டும், அடுத்த 15 நிமிடத்துக்குள் இன்குபேட்டருக்குள் போக வேண்டும். 35 டிகிரி, 16 முதல் 18 மணி நேரம். டிஸ்க் குப்பியைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் திறக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறந்தால் உள்ளே ஈரம் படியாது. மின்வெட்டு அதிகமுள்ள இடத்தில் டிஸ்க்குகளை ஒரே குளிர்பெட்டியில் குவிக்காமல் இரண்டாகப் பிரித்து வையுங்கள்.

ஏடிசிசி 25922ஐ வாரம் ஒரு தடவையாவது கூடவே சோதியுங்கள். 10 மைக்ரோகிராம் ஜென்டாமைசின் டிஸ்க்குக்கு அதன் வளையம் 19 முதல் 26 மி.மீ.க்குள் வர வேண்டும். வராவிட்டால் அந்த வாரத்து ஜென்டாமைசின் முடிவுகளை வெளியிடக் கூடாது. மனசு கேட்காதுதான், ஆனாலும் கூடாது.

எந்தெந்த மருந்து? ஆம்பிசிலின், டெட்ராசைக்ளின், ட்ரைமெத்தோபிரிம்-சல்ஃபா, ஜென்டாமைசின், சிப்ரோஃபிளாக்சசின், செஃபோடாக்சிம், மெரோபெனெம். பழைய மருந்துகள் பண்ணைப் பயன்பாட்டைக் காட்டும். பின்னால் உள்ளவை ஆபத்து மனிதருக்கு எவ்வளவு நெருங்கிவிட்டது என்பதைக் காட்டும். செஃபோடாக்சிம் எதிர்ப்பு வந்தால், கிளாவுலானிக் அமிலம் சேர்த்த டிஸ்க்கையும் பக்கத்தில் வையுங்கள். வளையம் 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் விரிந்தால் ஈஎஸ்பிஎல். மெரோபெனெம் மனிதருக்கு மட்டுமான மருந்து. பண்ணைக் கோழியிடம் அதற்கு எதிர்ப்பு கிடைத்தால் முதலில் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். அப்படியும் மாறவில்லை என்றால் அன்றைக்கே மேலிடத்துக்குச் சொல்லுங்கள், ஆண்டறிக்கை வரை காத்திருக்காதீர்கள்.

மற்ற மருந்துகள் தோற்ற பிறகு மனிதருக்குக் கொடுக்கும் கடைசி மருந்துகளில் ஒன்றான கொலிஸ்டின் தனிக் கதை. சீனாவில் பன்றிகளிடமும் இறைச்சியிலும் மனிதரிடமும் கிடைத்த, கொலிஸ்டினுக்கு எதிர்ப்பைத் தரும் எம்சிஆர்-1 என்ற மரபணு பற்றிய செய்தி 2015 நவம்பரில் வந்தது. அதுவரை இந்த எதிர்ப்பு ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவாது என்று நம்பியிருந்தார்கள். வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கொலிஸ்டின் சேர்ப்பதை 2017இல் சீனா நிறுத்தியது. 2019இல் இந்தியா உணவுக்கான விலங்குகளில் அதைத் தடை செய்தது. ஆகவே அதைக் கண்காணிப்பது அவசியம், ஆனால் டிஸ்க்கால் முடியாது. கொலிஸ்டின் மூலக்கூறு அகருக்குள் சரியாகப் பரவாததால் வளையத்தை நம்பவே முடியாது. திரவ ஊடகத்தில் மருந்தைப் படிப்படியாக நீர்த்துச் சோதிக்க வேண்டும். அது முடியாத ஆய்வகம் கொலிஸ்டின் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, பாக்டீரியாவை 20 சதவீதக் கிளிசராலில் மைனஸ் 80 டிகிரியில் சேமித்து வைக்கட்டும். பின்னால் யாராவது சோதிக்கலாம்.

மரபணு வரிசைப்படுத்தல் வேண்டாமா என்று கேட்பீர்கள். முதல் ஆண்டில் வேண்டாம்.

8. மி.மீ.யை எழுதுங்கள்

அட்டவணையில் "எதிர்ப்பு", "மசிந்தது" என்று மட்டும் எழுதிவிட்டு வளையத்தின் அளவைத் தூக்கிப் போடுவது பரவலாக நடக்கும் அநியாயம். எத்தனை மி.மீ. வளையம் இருந்தால் மசிந்தது, எத்தனைக்குக் கீழ் எதிர்ப்பு என்று பிரிக்கும் எல்லைக்கோடுகள் மாறும். சிப்ரோஃபிளாக்சசினை எடுத்துக்கொள்ளுங்கள். இ.கோலையை நிறுத்த லிட்டருக்கு 0.25 மில்லிகிராம் தேவைப்பட்டால், மனிதச் சிகிச்சைக்கான எல்லையின்படி அது "மசியும்" வகை. ஆனால் இயல்பான இ.கோலை 0.06லேயே அடங்கிவிடும். அந்த எல்லையை வைத்துப் பார்த்தால், இது ஏற்கெனவே எதிர்ப்பின் முதல் படியில் கால் வைத்துவிட்ட பாக்டீரியா. கண்காணிப்புக்கு இந்த இரண்டாவது எல்லைதான் பொருத்தம், மாற்றத்தை முன்கூட்டியே காட்டுவதால். மி.மீ. கையில் இருந்தால் எந்த எல்லையை வேண்டுமானாலும் பிறகு போட்டுப் பார்க்கலாம். இல்லாவிட்டால் பத்து ஆண்டுத் தரவும் ஒரே நாளில் ஒப்பிட முடியாததாகிவிடும்.

டிஸ்க்கில் எத்தனை மைக்ரோகிராம் என்பதையும் எழுதுங்கள். இந்த எல்லைக்கோடுகளை வெளியிடும் அமைப்புகள் இரண்டு. அமெரிக்க சிஎல்எஸ்ஐ அட்டவணை செஃபோடாக்சிமுக்கு 30 மைக்ரோகிராம் டிஸ்க்கைக் கேட்கிறது, ஐரோப்பிய யூகாஸ்ட் அட்டவணை 5 மைக்ரோகிராம் டிஸ்க்கைக் கேட்கிறது. ஒன்றின் டிஸ்க்கை வைத்து மற்றதன் அட்டவணையில் பார்த்தால் முடிவு தலைகீழாகும். எந்த அட்டவணை, எந்த ஆண்டுப் பதிப்பு என்பதும் கூடவே இருக்கட்டும்.

பதிவுக்கு ஹூநெட் (WHONET) என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கூட்டு மையம் உருவாக்கியது. ஒரு பாக்டீரியாவுக்கு ஒரு வரி. அதில் விலங்கு, கறிக்கோழியா முட்டைக்கோழியா, வயது, எடுத்த இடம், தேதி, வந்தபோது வெப்பநிலை, தட்டின் வகை எல்லாம் வர வேண்டும்.

9. மருந்து எவ்வளவு போகிறது?

எதிர்ப்பை மட்டும் அளந்து மருந்தை அளக்காவிட்டால் பாதி வேலைதான். ஆனால் பல இடங்களில் சீட்டு இல்லாமலே மருந்து விற்கிறது, பண்ணையில் பதிவேடும் கிடையாது. பண்ணையாளரைக் கேட்டால் நினைவிலிருந்து சொல்வார், அதில் பாதி "வைட்டமின் பொடி" என்று வரும். இதற்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. மூடிபோட்ட ஒரு வாளியைக் கொடுத்து, காலியான பொட்டலம், புட்டி எல்லாவற்றையும் அதில் போடச் சொல்லுங்கள். கோழிகளை விற்கும் நாளில் போய் எண்ணுங்கள்.

கணக்கு இப்படி. 10 சதவீத மருந்துள்ள 100 கிராம் பொட்டலம் பத்து கிடைத்தால், உள்ளே போன மருந்து 100 கிராம், அதாவது 1,00,000 மில்லிகிராம். 1,000 கோழி, தலா 2 கிலோ என்றால் மொத்தம் 2,000 கிலோ. கிலோவுக்கு 50 மில்லிகிராம். தீவனத்திலேயே கலந்து வரும் மருந்து இந்த வாளிக்குள் வராது, தீவன மூட்டையின் சீட்டைத் தனியாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

10. முடிவை வெளியிடுவது

சதவீதத்தை மட்டும் எழுதாமல் அதன் இடைவெளியையும் எழுதுங்கள். 20இல் 12 என்றால் 60 சதவீதம்தான், ஆனால் உண்மை 39க்கும் 78க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். அடுத்த ஆண்டு 50 வந்தால் "குறைந்துவிட்டது" என்று கொண்டாட இடமே இல்லை. பல மருந்துகளைச் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்லும் அளவுகோல்களில் இன்னும் எச்சரிக்கை தேவை. தொடக்கத்தில் சொன்ன 0.41 போன்ற எண், எந்த மருந்துகளைச் சோதித்தோம் என்பதைப் பொறுத்து அசையும். மருந்துப் பட்டியலை மாற்றினால் எதிர்ப்பு ஏறாமலே எண் ஏறும். ஆகவே பட்டியலில் புதிதாகச் சேர்க்கலாம், பழையதை எடுக்காதீர்கள்; ஆண்டுகளை ஒப்பிடும்போது பழைய மருந்துகளை மட்டும் வைத்து எண்ணைப் போடுங்கள்.

எங்கே அனுப்புவது? ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு இன்ஃபார்ம் என்ற தளத்தில் விலங்கு, உணவு சார்ந்த எதிர்ப்புத் தரவைச் சேகரிக்கிறது. உலக விலங்கு சுகாதார அமைப்பு 2022இல் தொடங்கிய அனிமியூஸ் மருந்துப் பயன்பாட்டுக்கானது. இரண்டுக்கும் நாட்டின் அதிகாரபூர்வப் பொறுப்பாளர் வழியாகத்தான் தரவு போகும். இரண்டாம் படியில் துறையைக் கூட்டாளியாக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டால் ரெசிஸ்டன்ஸ்பேங்க் என்ற திறந்த தளத்தில் சேர்க்கலாம். 2019 ஆய்வின் கணக்கெடுப்புகளும் அங்கேதான் இருக்கின்றன, யாரும் இறக்கிக்கொள்ளலாம்.

பண்ணையாளருக்கும் ஒரு பக்கத் தாள் போக வேண்டும். "உங்கள் பண்ணையில் எடுத்த மாதிரியில் இந்த மருந்து வேலை செய்யவில்லை, வட்டாரத்தில் பத்துக்கு இத்தனை பண்ணைகளில் இதே நிலை." அவ்வளவுதான், அறிவுரை வேண்டாம். காசு போட்டு வாங்கும் மருந்து பலிக்கவில்லை என்பது அவருக்குத் தேவையான செய்தி. அடுத்த ஆண்டு வாசலில் போய் நிற்கும்போது கதவு திறப்பதும் இந்தத் தாளால்தான்.

அப்புறம், முதல் ஆண்டு முடிந்ததும் செய்முறை முழுவதையும் தேதி போட்டு எழுதிவையுங்கள். எந்தப் புள்ளிக்கு அருகிலுள்ள காலனி, எந்தக் கம்பெனி டிஸ்க், எந்தச் சந்தை என்பது வரை. நீங்கள் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டாலும், புதிதாக வருபவர் அதைப் பார்த்து இரண்டாம் ஆண்டை அப்படியே நடத்த முடிய வேண்டும்.